முன்முடியில் கத்தரி வைக்கும் முன்

பியூட்டி பார்லர்களில் முடி வெட்டும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரமும், தை பிறந்த பிறகு வருகிற முகூர்த்த நாட்களும் நம் கடைகளில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. உட்கார இடமிருக்காது. காத்திருப்பவர்களில் பாதிப் பேர் கைப்பேசியில் ஒரு படத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பார்கள். கர்ட்டன் பேங்ஸ், பட்டர்ஃப்ளை கட், ஃபிரன்ட் ஃப்ளிக்ஸ், ஃபேஸ் ஃப்ரேமிங் என்று பெயர் மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறும். கேட்பது ஒன்றுதான்: பின்னால் நீளம் குறையக்கூடாது, முன்னால் மட்டும் முகத்தை ஒட்டிச் சாய்வாக இறங்கவேண்டும். பத்து, பதினைந்து நிமிஷத்தில் முடிகிற வேலை என்று கடை முதலாளிகள் நினைக்கிறார்கள். உங்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். இந்த மடலை எழுத அதுதான் காரணம்.

வேறு கடையில் வெட்டிக்கொண்டு சரிசெய்ய என்னிடம் வருகிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றே. "அழகாத்தான் இருந்துச்சு அக்கா, அன்னிக்கு மட்டும்." மறுநாள் தலைக்குக் குளித்துவிட்டுச் சடை போட உட்கார்ந்தால் முன்முடி சடைக்குள் போகவில்லை. காதுக்குப் பின்னாலும் நிற்கவில்லை. அடுப்படியில் குனிந்தால் கண்ணில் விழுகிறது, ஹெல்மெட் போட்டால் நெற்றியில் ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் இரண்டு பக்கமும் ஹேர்பின் குத்திக்கொண்டு எட்டு மாசம் ஓட்டுகிறார்கள். அந்த வெட்டில் கைத்திறன் குறைவு என்று எதுவும் இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் மறுநாள் காலையில் தலையை என்ன செய்வாள் என்று ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

எனவே முதல் வேலை கத்தரி எடுப்பதல்ல. உலர்ந்த முடியில், அவள் தினமும் எடுக்கிற வகிட்டிலேயே, நெற்றி ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய இழையைப் பிரித்தெடுங்கள். அவள் கேட்கும் இடத்தில், உதட்டுக்கோ தாடைக்கோ நேராக, விரலால் அதைப் பிடியுங்கள். பிடித்த இடத்தை விடாமல் அப்படியே காதுக்கு மேலாகப் பின்கழுத்துக்குக் கொண்டுபோங்கள். சடை தொடங்கும் இடம் வரை எட்டுகிறதா? நெற்றி முடிக்கோட்டிலிருந்து தாடை வரை பெரியவர்களுக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் இருக்கும். அதே இடத்திலிருந்து காதைச் சுற்றிப் பிடரிக்குப் போக அதைவிடக் கணிசமாகக் கூடுதல் நீளம் வேண்டும். ஆகவே தாடையளவில் வெட்டிய முன்முடி பெரும்பாலான தலைகளில் சடைக்குள் போகாது. காறையெலும்பைத் தொடுகிற இழைதான் தப்பிக்கும், அதுவும் சற்றே தப்பிக்கும். இந்த ஒரு காரியத்தைக் கண்ணாடியில் அவளே பார்க்கும்படி செய்துகாட்டுங்கள். பத்தில் ஆறேழு பேர் தாங்களாகவே, "அப்போ கொஞ்சம் நீளமா விட்டுடுங்க" என்பார்கள். மீதிப்பேர் தெரிந்தே குட்டையாக வெட்டிக்கொள்வார்கள். அது அவர்கள் விருப்பம், அதில் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலேதான் வளரும். பத்து சென்டிமீட்டர் தவறாகப் போனால் அந்தத் தவறு ஒரு பள்ளி ஆண்டு முழுக்க முகத்துக்கு முன்னாலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

படத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். படம் கொண்டுவருவதில் தவறில்லை. வாயால் சொல்வதைவிட அது மேல். ஆனால் அந்தப் படத்தில் இருக்கிற வெட்டு யாருக்காக, எதற்காக வெட்டப்பட்டது என்பது அதில் தெரியாது. நம் அம்மா, பெரியம்மாக்கள் காலத்தில் ஊரெல்லாம் பேசப்பட்ட சாதனா கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960-இல் வந்த 'லவ் இன் சிம்லா' என்ற இந்திப் படத்தில் நடித்த சாதனாவுக்கு நெற்றி அகலம். அதைக் கொஞ்சம் மறைக்க இயக்குநர் ஆர். கே. நய்யார் ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னின் முன்முடியை மனத்தில் வைத்து அந்த வெட்டைச் செய்யவைத்தார். ஒரே ஒரு நெற்றிக்காகக் கண்டுபிடித்த தீர்வு அது. பிறகு நெற்றி குறுகலாக இருந்தவர்களும் அதையே வெட்டிக்கொண்டு, கண்ணுக்கு மேலே இடமே இல்லாமல் நின்றார்கள். பழைய கல்லூரி குரூப் போட்டோக்களில் தேடிப்பாருங்கள், கிடைப்பார்கள்.

இன்னொன்று, 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் ஜெனிஃபர் ஆனிஸ்டன் நடித்த ரேச்சலின் வெட்டு. கிறிஸ் மெக்மிலன் என்பவர் வெட்டியது. 1995-இல் திரையில் வந்ததும் உலகம் முழுக்கப் பெண்கள் அந்தப் படத்தோடு சலூன்களுக்குப் போனார்கள். முகத்தின் இருபுறமும் படிப்படியாக இறங்குகிற அந்த வெட்டின் பேரன் பேத்திகளைத்தான் இன்று நீங்கள் தினமும் வெட்டுகிறீர்கள். ஆனால் அதைச் சுமந்த ஆனிஸ்டனே பின்னாளில் அந்த வெட்டு தனக்குப் பிடிக்கவில்லை, தானாகச் சீவி அந்த வடிவத்துக்குக் கொண்டுவர முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பக்கத்திலேயே ஒரு கலைஞரை வைத்துக்கொள்ள வசதியுள்ள நடிகைக்கே அந்தப் பாடு என்றால், காலை ஆறரைக்கு டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு ஏழே முக்கால் பஸ் பிடிக்கிற பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் நின்றவர் வைடல் சசூன். 1928-இல் லண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சில ஆண்டுகள் அநாதை இல்லத்தில் வளர்ந்து, 14 வயதில் ஒரு சலூனில் தலைக்கு ஷாம்பு போடும் பையனாகச் சேர்ந்தவர். பெண்கள் வாரத்துக்கொரு முறை சலூனுக்குப் போய் முடியைச் சுருட்டி, ஸ்ப்ரே அடித்து உறையவைத்துக்கொண்டிருந்த காலத்தில், குளித்துத் தலையை ஆட்டினால் தானாக இடத்தில் வந்து விழுகிற வெட்டுதான் வெட்டு என்று சொல்லி, 1960-களில் அதைச் செய்தும் காட்டினார். அவருடைய கறாரான கோண வெட்டுகள் நம் ஊர் முடிக்கும் வாழ்க்கைக்கும் அப்படியே பொருந்தா. அவர் வைத்த அளவுகோல் பொருந்தும். ட்ரையரை அணைத்தபின் வெட்டு எப்படி இருக்கிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும். இங்கே பாதிக் கடைகளில் ட்ரையரும் ரவுண்டு பிரஷ்ஷும்தான் வேலை செய்கின்றன. கத்தரி சும்மா கூட இருக்கிறது. நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் கடற்காற்று அந்த வேஷத்தைத் தெருமுனைக்குள் கலைத்துவிடும்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

உட்காரும் விதத்திலிருந்து தொடங்கவேண்டும். கால் மேல் கால் போட்டிருந்தால் இடுப்பு சாயும், இடுப்பு சாய்ந்தால் தோள் சாயும், தலை அதற்கு ஈடுகொடுக்க மறுபக்கம் திரும்பும். நீங்கள் எவ்வளவு கவனமாக வெட்டினாலும் எழுந்து நின்றதும் ஒரு பக்கம் ஏறியிருக்கும். "காலைக் கீழே வையுங்கம்மா" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். கைப்பேசியைப் பார்க்கக் குனிந்த தலைக்கும் இதே கதைதான். முன்முடி வெட்டும் அந்தச் சில நிமிஷம் மட்டுமாவது போனை வாங்கி மேசையில் வைத்துவிடுங்கள்.

அடுத்தது சுழி. முன்நெற்றியில் சுழி உள்ளவர்களுக்கு முடி தனக்குப் பிடித்த திசையில்தான் எழும்பும். ஈரத்தில் அது தெரியாது, படிந்து நல்லபிள்ளையாக இருக்கும். அதனால்தான் தலையை நனைக்கும் முன் உலர்ந்தபடியே பார்க்கச் சொல்கிறேன். சுழி மேல் குட்டையாக வெட்டிவிட்டால் அது கொம்பு மாதிரி நிற்கும், எந்த சீரமும் அதை அடக்காது. அங்கே நீளம்தான் மருந்து; நீளத்தின் கனம் அதைக் கீழே இழுத்துப்பிடிக்கும்.

பிரிப்பதைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஏன் அப்படி என்று சொல்லியிருக்கமாட்டார்கள். உச்சியில் சீப்பைப் படுக்கவைத்தால் மண்டை வளைந்து கீழே இறங்கத் தொடங்கும் இடம் தெரியும். அங்கிருந்து ஒவ்வொரு காதின் முன்பக்கத்துக்கும் வகிடு இழுத்து, முன்னால் உள்ளதைத் தனியாக எடுத்து, மற்றதைக் கிளிப் போட்டுக் கட்டிவிடுங்கள். பிரித்த முடி முழுவதையும் முகத்துக்கு முன்னால் சீவிக் கொண்டுவந்து ஒரே இடத்தில் பிடித்து வெட்டும்போது நடப்பது இதுதான்: முகத்தோரம் உள்ள இழை பக்கத்திலிருந்து வருகிறது, காதோரத்து இழை தூரத்திலிருந்து வருகிறது. ஒரே கோட்டில் வெட்டினாலும், கைவிட்டதும் தூரத்திலிருந்து வந்தது தன் இடத்துக்குத் திரும்பிப் போய் நீளமாக விழும். அந்தச் சாய்வு தானாக வருவது இப்படித்தான். எவ்வளவு முன்னுக்கு இழுக்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பின்பக்க நீளம் காப்பாற்றப்படும். "நீளம் குறையக்கூடாது" என்று சொன்னவளுக்கு மூக்கைத் தாண்டி எதிர்க்கன்னம் வரைகூட இழுத்துப் பிடித்து வெட்டலாம்.

நம் பெண்களில் பலருக்கும் முடி அடர்த்தி. அதைக் கட்டுக்கட்டாகப் பிடித்து வெட்டினால் படிக்கட்டு விழும். மேலே ஒரு முடி, கீழே ஒரு முடி, இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. பின்னால் சீப்பின் பல் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகப் பிரித்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. முகத்தோரச் சாய்வின் கடைசி இழை பக்கவாட்டு நீளத்தோடு எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கையை எடுக்கவேண்டும். அது சேராமல் அந்தரத்தில் நின்றால் வெட்டு முடியவில்லை என்று பொருள், ட்ரையர் போட்டு மறைக்காதீர்கள்.

ஈரமுடி நீளும். நல்ல ஆரோக்கியமான முடியை நனைத்து இழுத்தால் 30 விழுக்காடு வரைகூட நீளம் கொடுக்கும், உலர்ந்ததும் சுருங்கிக்கொள்ளும். நேரான முடியிலேயே இது தெரியும். சுருட்டை முடியில் வளையமும் சேர்ந்து மேலே ஏற, உதடு வரை என்று வெட்டியது கண்ணுக்கு வந்துவிடும். சுருட்டை முடிக்காரர்களின் முன்முடியை உலரவைத்து, ஒவ்வொரு வளையமாக எடுத்து, அது விழுகிற இடத்தைப் பார்த்து வெட்டுங்கள். நேரமாகும். ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணிக்கொள்ளச் சொல்லி அவர்களை மடக்குவதைவிட அந்த நேரம் மேலானது. முடி எந்த வகையானாலும் காதுக்கு மேலே இறுக்கி இழுத்துப் பிடிக்காதீர்கள். இழுவை விட்டதும் காதின் புடைப்பு முடியைத் தூக்கும், அந்த இடம் மட்டும் குட்டையாகப் போய்விடும்.

கத்தரியைத் திறந்தபடியே இழையில் வழுக்கிக் கீழே கொண்டுபோகிற வெட்டு பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ரீல்ஸில் எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள். கூர்மழுங்கிய கத்தரியால், அதுவும் உலர்ந்த முடியில் அதைச் செய்தால் முடி வெட்டுப்படுவதில்லை, உரிபடுகிறது. மேல்தோல் சிராய்ந்து, நுனி பிளந்து, இரண்டு மாசத்தில் செம்பட்டையாக நிற்கும். அப்போது உங்கள் வாடிக்கையாளர் தண்ணீரைக் குறை சொல்வார். கத்தரி அருமையாக இருந்தால் மட்டும், ஈரத்தில் மட்டும் அதைச் செய்யுங்கள். இல்லையென்றால் நுனியில் கத்தரியை நிறுத்திப் பிடித்துக் கொத்திக் கொத்தி வெட்டினாலே மென்மை வந்துவிடும். பார்லர் கத்தரியால் ஐப்ரோ நூலையும் ஃபேஷியல் பாக்கெட்டையும் வெட்டுகிறவர்களை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

முக வடிவ அட்டவணை ஒன்று எல்லாக் கடைச் சுவரிலும் தொங்குகிறது: வட்டம், நீள்வட்டம், சதுரம், இதயம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. அந்த அட்டவணைக்குள் அடங்குகிற முகத்தைக் காண்பது அபூர்வம். அதிலிருந்து ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்: இழை எங்கே முடிகிறதோ, கண் அங்கே நிற்கும். கன்னம் அகலமாகத் தெரியவேண்டாம் என்றால் குட்டை இழை கன்னத்தின் அகலமான இடத்தில் முடியக்கூடாது. மேலே தொடங்கட்டும் அல்லது கீழே இறங்கட்டும். தாடையை மென்மையாகக் காட்டவேண்டுமென்றால் அதே கோட்டில் நறுக்கென்று வெட்டி நிறுத்தக்கூடாது. மற்றதை அட்டவணை சொல்லாது. மூக்குக்கண்ணாடி போடுகிறவளுக்கு இழை கண்ணாடியின் மேல்விளிம்பில் முடிந்தால் நாள் முழுக்க உறுத்தும். ஜிமிக்கி போடுகிறவளுக்குக் காதோர இழை ஜிமிக்கி மணியில் சிக்கும். தலைக்குத் தினமும் எண்ணெய் வைக்கும் பழக்கமுள்ளவளுக்கு நெற்றியை மூடும் முன்முடி வேண்டாம். எண்ணெய் பட்டுப்பட்டு நெற்றியெல்லாம் பொரிப்பொரியாகப் பரு வரும். ஸ்கூட்டி ஓட்டுகிறாளா என்று கேளுங்கள். ஹெல்மெட் இல்லாமல் இப்போது ஓட்டக்கூடாது, வெயிலில் ஹெல்மெட்டுக்குள் முன்முடி நெற்றியோடு ஒட்டிப்போகும்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். குழந்தை பெற்ற இரண்டு, மூன்று, நான்கு மாதங்களில் பல பெண்களுக்குக் கொத்துக்கொத்தாக முடி கொட்டும். பயந்துபோய் வருவார்கள். கர்ப்பகாலத்தில் உதிராமல் தங்கியிருந்த முடி மொத்தமாக உதிர்வதுதான் அது. பெரும்பாலும் ஓராண்டுக்குள் சரியாகிவிடும். திரும்ப முளைக்கும்போது நெற்றி ஓரத்தில் குட்டைக் குட்டையாக விறைத்து நிற்கும். அந்தச் சமயத்தில் முகத்தோரத்தில் லேசான சாய்வு கொடுத்து முளைக்கிற முடியை அதோடு சேர்த்துவிட்டால், அவர்களுக்கு அது பெரிய ஆறுதல். உதிர்கிற வேகத்தில் இருக்கும்போதே எடுத்து வெட்டாதீர்கள். இருக்கிற கொஞ்சத்தையும் மெலிதாக்கிவிடுவீர்கள்.

நெற்றிப்பொட்டுப் பக்கம் முடி மெலிந்திருப்பதையும் கவனியுங்கள். சின்ன வயதிலிருந்து இறுக்கிப் பின்னிய சடை, உச்சியில் இழுத்துக் கட்டிய குதிரைவால் இவற்றின் இழுவையில் வேரே தளர்ந்து அங்கே முடி குறையும். பரதநாட்டியம் ஆடுகிற பெண்களிடம் அடிக்கடி பார்க்கலாம். ஆரம்பத்திலேயே இழுவையை நிறுத்தினால் திரும்ப வளரும், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வளராது. அப்படி மெலிந்த இடத்திலிருந்து முன்முடிக்கு இழை எடுக்கவே கூடாது. உச்சியிலிருந்து எடுத்து மேலே விழவிடுங்கள். தோல் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் பாட்டில் விற்க அதுவல்ல நேரம்.

கல்யாணப் பெண்கள் வேறு ரகம். ரிசப்ஷனுக்கு அவிழ்த்துவிட்ட முடி வேண்டும், மறுநாள் விடியற்காலை முகூர்த்தத்துக்குச் சவுரி வைத்து, ராக்கொடி குத்தி, பூ சுற்றிய நீளச் சடையும் வேண்டும். முந்தின வாரம் வந்து முன்னால் லேயர் வெட்டச் சொல்வார்கள். வெட்டினால் சடையில் அடங்காத இழைகளை ஸ்ப்ரேயும் பின்னுமாக அடக்கவேண்டியிருக்கும், ஹோம நெருப்புக்கு முன்னால் வியர்த்ததும் அவை எழுந்துகொள்ளும். நெற்றிச்சுட்டி போட வகிடு சுத்தமாக வேண்டும் என்பதும் உண்டு. கல்யாணம் முடிந்து வரச் சொல்லுங்கள். பிடிவாதமாகக் கேட்டால் காறையெலும்புக்கு மேலே ஏறாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இதே எல்லைதான். ரெட்டைச் சடை கட்டாயமான பள்ளியில் படிக்கிற பெண்ணுக்குக் கோடை விடுமுறை ஆசையில் தாடைவரை வெட்டிவிட்டால், ஜூனில் பி.டி. மிஸ்ஸிடம் நிற்கப்போவது அவள்தான். அம்மாவும் மகளும் உங்கள் நாற்காலிக்கு மேலேயே சண்டை போடுவார்கள். அம்மா பேச்சைக் கேட்டுப் பெண்ணை ஏமாற்றாதீர்கள், பெண் பேச்சைக் கேட்டு அம்மாவுக்குத் தெரியாமல் ஏற்றிவிடாதீர்கள். இருவரும் பார்க்க அந்த இழையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஆண்களில் நீளமுடி வளர்ப்பவர்களும் இப்போது இதைக் கேட்டு வருகிறார்கள். அவர்களுக்குத் தனி விதி எதுவும் இல்லை. சிரித்து அனுப்பிவிடாமல் இருந்தால் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முதல்முறை முன்முடி வெட்டிக்கொள்ள வருகிற யாருக்கும், அவர்கள் கேட்ட இடத்துக்கு இரண்டு விரல் கீழேயே நிறுத்துங்கள். வீட்டில் குளித்து, எண்ணெய் வைத்து, சடை போட்டு, ஒரு வாரம் அதோடு இருந்து பார்க்கட்டும். இன்னும் ஏற்றவேண்டும் என்று பத்து நாளுக்குள் திரும்பி வந்தால் உட்காரவைத்து ஏற்றிவிடுங்கள். அதற்குக் காசு வாங்காதீர்கள். முதலாளி கேட்டால், அது முதல் வெட்டின் மிச்சவேலை என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு மூத்த, இன்னும் கத்தரி பிடிக்கிற அக்கா ஒருத்தி